கிரேட் லேக்ஸ் 19, நோட்டர் டேம் 14

அவையில் கூடியிருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

இன்று நான் பேச வந்தது ஒரே ஒரு விளையாட்டுப் பருவத்தைப் பற்றி. ஆண்டு 1943. உலகப் போர் உக்கிரமாக நடந்துகொண்டிருந்தது. சிகாகோவுக்கு வடக்கே, மிச்சிகன் ஏரிக்கரையில் கிரேட் லேக்ஸ் கடற்படைப் பயிற்சி நிலையம். கடலையே பார்த்திராத பண்ணை வீட்டுப் பிள்ளைகளை மாலுமிகளாக்கிப் போருக்கு அனுப்பிய இடம் அது. போர் முடிவதற்குள் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் அங்கே பயிற்சி பெற்றார்கள். அந்த நிலையத்துக்கென்று ஒரு கால்பந்து அணி இருந்தது. நம் ஊர்க் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவது, எறிவது, மோதிச் சாய்ப்பது என்றிருக்கும் அமெரிக்க ஆட்டம்.

அந்த அணி யாரோடு மோதியது? கல்லூரி அணிகளோடு! "படைவீரர்களுக்கு எதிரே மாணவர்களா, இது நியாயமா?" என்று கேட்கத் தோன்றும். எனக்கும் முதலில் தோன்றியது. விவரங்களைப் படிக்கப் படிக்கத்தான் புரிந்தது, அந்த மாணவர்களிலேயே பலர் கடற்படையின் ஆட்கள்தான் என்று.

1943 ஜூலையில் கடற்படை 'வி-12' என்ற திட்டத்தைத் தொடங்கியது. வருங்கால அதிகாரிகளைக் கல்லூரிகளில் தங்கவைத்துப் படிக்கவைப்பார்கள். தரைப்படை தன் பயிற்சி மாணவர்களைக் கல்லூரி அணியில் ஆட விடவில்லை, கடற்படை விட்டது. விளைவு என்ன? ஆள் இல்லாமல் பல கல்லூரிகள் அந்த ஆண்டு ஆட்டத்தையே நிறுத்திவிட்டன. வி-12 கிடைத்த கல்லூரிகளோ கொழித்தன. டோனி பட்கோவிச் என்ற இளைஞர் 1942-இல் இல்லினாய் பல்கலைக்கழக அணியின் ஆட்டக்காரர். அடுத்த ஆண்டு, கடற்படையோடு சேர்ந்த மரீன் படை அவரை வி-12 திட்டத்தில் பர்டியூ பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. உடனே பர்டியூவின் ஆட்டக்காரர் ஆகிவிட்டார். கிரேட் லேக்ஸை அந்தப் பர்டியூ 23-13 என்று வீழ்த்தியது. பருவம் முடியும் முன்பே பட்கோவிச்சுக்கு அழைப்பு வந்தது. 1945 ஏப்ரலில் ஜப்பானின் ஒகினாவாத் தீவில் நடந்த போரில் அவர் கொல்லப்பட்டார்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு நவம்பர் 27-க்கு வாருங்கள். அன்று கிரேட் லேக்ஸுக்கு எதிரே நின்றது நோட்டர் டேம் பல்கலைக்கழக அணி. அது அதுவரை ஒன்பது ஆட்டம் ஆடி ஒன்பதிலும் வென்றிருந்தது. முந்தைய வாரம்தான் இன்னொரு படைத்தள அணியான அயோவா பிரீ-ஃபிளைட்டை ஒரே ஒரு புள்ளியில், 14-13 என்று தாண்டியிருந்தது. நோட்டர் டேமின் நட்சத்திரம் ஆஞ்சலோ பெர்ட்டெல்லி அப்போது அணியில் இல்லை. ஆறு ஆட்டம் முடிந்ததுமே மரீன் படை அவரை அழைத்துக்கொண்டது. அவர் இடத்தில் நின்றவர் பதினெட்டு வயது ஜானி லுஜாக்.

ஆட்டத்தின் கடைசிக் கட்டம். கிரேட் லேக்ஸ் 12-7 என்று முன்னால் நிற்கிறது. நோட்டர் டேம் மைதானத்தின் நீளத்தை அங்குலம் அங்குலமாகக் கடந்து வந்து எல்லையைத் தொடுகிறது. 14-12. இன்னும் ஏறக்குறைய ஒரு நிமிடம்தான் பாக்கி. இரு தரப்பும் இரண்டிரண்டு முறை எல்லையைத் தொட்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஆறு புள்ளி, அதன்பின் உதைக்கும் உதைக்கு ஒரு புள்ளி. கிரேட் லேக்ஸ் அந்த இரண்டு உதைகளையும் கோட்டைவிட்டிருந்தது. அந்த இரண்டு புள்ளிதான் இப்போது குறைகிறது!

பந்து ஸ்டீவ் லாக் கைக்கு வருகிறது. ஒரு வருடத்துக்கு முன் சிகாகோ கார்டினல்ஸில் தொழில்முறையாக ஆடியவர். பின்னால் நகர்ந்து, நெடுந்தூரம் வீசுகிறார். பால் ஆண்டர்சன் பிடித்துவிடுகிறார். 46 கெஜம், எல்லை, புள்ளி! கூடியிருந்த மாலுமிகள் எழுப்பிய ஆரவாரத்தை நான் எத்தனையோ முறை கற்பனை செய்து பார்த்திருக்கிறேன். அவர்களில் எத்தனை பேருக்கு அது கரையில் பார்த்த கடைசி ஆட்டமோ!

இந்தத் தோல்விக்குப் பிறகும் நோட்டர் டேமையே நாட்டின் முதல் அணியாக, ஏ.பி. செய்தி நிறுவனம் விளையாட்டு நிருபர்களிடம் நடத்தும் வாக்கெடுப்பு வைத்தது. இரண்டாம் இடம் அயோவா பிரீ-ஃபிளைட், ஆறாம் இடம் கிரேட் லேக்ஸ். இது சரியான தீர்ப்பு என்றே நான் நினைக்கிறேன். ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை பெர்ட்டெல்லிக்குக் கிடைத்தது. பருவத்தில் அவர் ஆடியதோ ஆறே ஆட்டங்கள். கோப்பை கிடைத்த செய்தி மரீன் படையின் பாரிஸ் ஐலண்ட் பயிற்சி முகாமுக்கு அவரைத் தேடிப் போனது.

ஒருவரைப் பற்றி மட்டும் சொல்லி முடிக்கிறேன். கிரேட் லேக்ஸ் அணியில் எமில் சிட்கோ என்று ஒருவர் ஓடினார். அதற்கு முந்தைய ஆண்டு அவர் நோட்டர் டேமின் முதலாண்டு மாணவர். கடற்படை எடுத்துக்கொண்டதால் தன் கல்லூரிக்கு எதிராகவே ஆட வேண்டி வந்தது. போர் முடிந்து 1946-இல் அதே கல்லூரிக்குத் திரும்பினார். பயிற்சியாளர் ஃபிராங்க் லீஹி அவரைச் சேர்த்துக்கொண்டார். அதன்பின் அவர் அங்கே ஆடிய நான்கு பருவங்களில் நோட்டர் டேம் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை.