குழுவாகப் பியானோ பயிலும் கல்லூரி மாணவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் படித்துக்கொண்டே பியானோ கற்க விரும்பும் சேலத்து இளைஞர்கள் என்னிடம் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். இருபது வயதில், அதுவும் எட்டுப் பத்துப் பேரோடு சேர்ந்து உட்கார்ந்து, இந்தக் கருவியைக் கற்றுக்கொள்ள முடியுமா என்பதே அது. தனியாக ஓர் ஆசிரியரை அமர்த்திக்கொள்ள வசதியில்லாதவர்கள் வேறு வழியின்றிச் சேரும் இடமே குழு வகுப்பு என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. முதுகலை படித்த காலத்தில் ஐந்து ரோடு அருகே ஒரு மாலை வகுப்பில் குழுவாகவே கற்றவன், இன்று அதே முறையில் கற்பிப்பவன் என்ற முறையில், அந்த எண்ணம் தவறு என்று உறுதியாகச் சொல்வேன். தனி வகுப்பில் எளிதில் வாய்க்காத ஒரு பழக்கம் குழுவில் தொடக்கத்திலேயே கைவந்துவிடுகிறது. நிற்காமல் வாசிக்கும் பழக்கமே அது.

தனியாகப் பயில்பவர், தவறான கட்டையில் விரல் பட்டவுடன் நின்றுவிடுவார். திரும்பிச் சென்று அந்த இடத்தைத் திருத்திய பிறகே மேலே போவார். திருத்துவது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால், நாளடைவில் அந்தத் தயக்கமும் பாடலோடு சேர்ந்து கையில் படிந்துவிடுகிறது. எப்போது வாசித்தாலும் அதே இடத்தில் கை தடுமாறும். குழுவிலோ ஒரு சிறு பாடலை நான்காகப் பிரித்துக்கொள்கிறோம். ஒருவர் கீழ்ச் சுரங்களையும், இருவர் நடுவிலுள்ள கார்டுகளையும் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டங்களையும்), ஒருவர் மெட்டையும் வாசிக்கும்போது, யாரேனும் ஒருவர் தவறினால் மற்ற மூவரும் அவருக்காக நிற்பதில்லை. பாடல் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று காதால் தேடிப் பிடித்து, அடுத்த முதல் தட்டில் அவர் சேர்ந்துகொள்ள வேண்டும். பஜனையில் ஜால்ரா தட்டிப் பழகிய எவருக்கும் இது புதிதன்று. பியானோவைத் தனிமையில் மட்டுமே கற்றவர்களுக்குத்தான் இது வெகு தாமதமாக வருகிறது.

வகுப்பில் இருப்பவை மின்னணுப் பியானோக்கள்தாம். ஒவ்வொருவரும் ஹெட்போன் அணிந்து தம் பாடத்தைத் தாம் மட்டும் கேட்டுப் பயில, ஆசிரியர் ஒவ்வொரு கருவியாகச் சென்று கவனிக்கிறார். பிறகு ஹெட்போனைக் கழற்றிவிட்டு அனைவரும் சேர்ந்து வாசிக்கிறார்கள். வகுப்பில் சேருமுன், கருவியில் 52 வெள்ளைக் கட்டைகளும் 36 கருப்புக் கட்டைகளுமாக 88 கட்டைகள் உள்ளனவா என்று பார்ப்பதைவிட, அழுத்தும்போது கட்டையில் கனம் தெரிகிறதா என்று பார்ப்பது முக்கியம். 1700ஆம் ஆண்டையொட்டி இத்தாலியில் பார்த்தோலோமியோ கிறிஸ்தோஃபோரி உருவாக்கிய இக்கருவியின் உயிர், கட்டையை அழுத்தும் விசைக்கேற்பச் சுத்தியல் கம்பியைத் தட்டி, மெல்லொலியையும் வல்லொலியையும் எழுப்புவதில்தான் இருக்கிறது. கனமில்லாத கட்டைகளில் மட்டுமே பழகிய விரல், உண்மையான பியானோவின் முன் வலுவிழந்து நிற்கும்.

முதல் வாரங்களில் நான் கற்பிக்கும் ஒரு பயிற்சியைச் சற்று விரித்துச் சொல்கிறேன். சி மேஜர் ஸ்கேலை, அதாவது சி கட்டையில் தொடங்கி வெள்ளைக் கட்டைகளில் மட்டும் செல்லும் எட்டுச் சுர வரிசையை, இரண்டு கைகளாலும் ஒரே திசையில் வாசிப்பது தொடக்கத்தில் மிகக் கடினம். ஏனெனில், மேலே ஏறும்போது வலக்கையில் மூன்றாவது சுரத்துக்குப் பிறகு பெருவிரல் மற்ற விரல்களுக்கு அடியில் நுழைகிறது. இடக்கையிலோ ஐந்தாவது சுரத்துக்குப் பிறகு நடுவிரல் பெருவிரலைத் தாண்டி வருகிறது. ஆகவே, இரண்டு பெருவிரல்களையும் நடு சி கட்டையின் மேல் வைத்து, வலக்கையை வலப்பக்கமும் இடக்கையை இடப்பக்கமும் விலகிப் போகச் செய்கிறேன். பெருவிரலை ஒன்று, சுண்டுவிரலை ஐந்து என எண்ணினால், இப்போது இரு கைகளுக்கும் விரல் வரிசை ஒன்றே: ஒன்று, இரண்டு, மூன்று, மீண்டும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. இரண்டு பெருவிரல்களும் ஒரே நொடியில் உள்ளே நுழைகின்றன. தாளத்தைத் தட்டிக்காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டுகளில் வைத்து வகுப்பு முழுவதும் இதை ஒன்றாக வாசிக்கும்போது, அவசரப்படும் விரல் யாருடையது என்பதை ஆசிரியர் சொல்லத் தேவையில்லை; அவசரப்பட்டவருக்கே கேட்டுவிடும்.

குழுவில் வந்து சேர்பவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. ஆர்மோனியத்தோடு பாடிப் பழகியவருக்கு ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை, இரண்டு கட்டை என்று சுருதிக் கணக்கு தெரியும். சி கட்டைதான் அவருடைய ஒரு கட்டை என்று காட்டிவிட்டால், பாதிப் பலகை அவருக்குப் பழக்கமாகிவிடும். தேவாலயப் பாடகர் குழுவிலிருந்து வருபவர் சுரங்களை டோ, ரே, மி என்று பாடும் சோல்ஃபா முறையில் நான்கு குரல்களைப் பிரித்துக் கேட்க வல்லவர். கர்நாடக இசை கற்றவருக்குக் காது கூர்மை. ஆனால் கமகத்தைப் பியானோவில் தேடி முதலில் ஏமாற்றமடைவார், ஏனென்றால் இரண்டு கட்டைகளுக்கு இடையே வழுக்கிச் செல்ல இங்கே வழியில்லை. இவர்கள் அருகருகே அமர்ந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பதை எந்தத் தனி வகுப்பிலும் நான் கண்டதில்லை.

குறையும் உண்டு. பத்துப் பேரின் மணிக்கட்டுகளை ஓர் ஆசிரியரால் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. தாழ்ந்து தொங்கும் மணிக்கட்டும் மடங்கிப் போகும் சுண்டுவிரலும் கவனிக்கப்படாமலே பழகிவிடக்கூடும். இருவர் இருவராக அமர்த்தி, ஒருவர் வாசிக்க மற்றவர் கையை மட்டும் பார்க்கும்படி செய்வதுதான் நான் கண்ட தீர்வு.

கம்பிகள் கொண்ட பழைய பியானோவே வேண்டும் என்று சிலர் விரும்புவது எனக்கும் புரிகிறது. ஆனால் ஏற்காட்டைப் போன்ற பனிமூட்டமும் மழையும் நிறைந்த மலையூரில் அதை வைத்துக் காப்பது பெரும் பணி. காற்றின் ஈரத்தில் ஒலிப்பலகை உப்பிச் சுருதி ஏறும். வறண்ட மாதங்களில் இறங்கும். கட்டைகளின் அடியிலுள்ள கம்பளித் துணி நனைந்து கட்டைகள் ஒட்டிக்கொள்ளும். மாணவர்கள் மின்னணுக் கருவியில் தொடங்குவதில் எந்தக் குறைவும் இல்லை.

கடைசியாக, விடுதியில் தங்கிப் படிப்பவர்களின் சிக்கலைச் சொல்ல வேண்டும். வகுப்பு வாரம் ஒருமுறைதான். விரல்களுக்கோ நாள்தோறும் இருபது நிமிடமாவது வேலை வேண்டும், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்காருவது அதற்கு ஈடாகாது. ஆகவே கல்லூரி நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓர் அறையில் ஹெட்போனுடன் இரண்டு மின்னணுப் பியானோக்களை வைத்து, மாலை ஐந்து முதல் எட்டு வரை திறந்து வையுங்கள். யாருக்கும் இடைஞ்சலின்றி, இருபது நிமிடக் கணக்கில் ஒரே மாலையில் பதினெட்டு மாணவர்கள் அங்கே பயிற்சி செய்துவிட்டுப் போகலாம். நன்றி, வணக்கம்.