யாரோட போறீங்க, எந்த மாசம்?

வணக்கம் நேயர்களே. ஒவ்வொருத்தருக்கும் ஏத்த மாதிரி டூருக்கு இடம் சொல்ற சாஃப்ட்வேர் எப்படி பண்றதுன்னு பேச கூப்ட்ருக்காங்க, நேரா விஷயத்துக்கே வந்துடறேன்.

சினிமா பரிந்துரைக்கறதுக்கு டேட்டா கொட்டிக்கெடக்கு. 2006ல நெட்ஃப்ளிக்ஸ், இந்த பரிந்துரைய இன்னும் நல்லா பண்றவங்களுக்கு 10 லட்சம் டாலர் பரிசுன்னு போட்டி வெச்சப்போ 10 கோடி ரேட்டிங்குக்கு மேல தூக்கிக் குடுத்தாங்க, அப்பவும் 2009ல தான் ஒரு டீம் ஜெயிச்சுது. உங்க ரசனை உள்ளவங்க எத ரசிச்சாங்களோ அத உங்களுக்கும் காட்றது, அதான் கொலாபரேட்டிவ் ஃபில்டரிங். டூர் விஷயத்துல இது பெருசா எடுபடாது. நம்ம வீடுங்கள்ல வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு பயணம் தான், அதுலயும் பாதி குலதெய்வம் கோயிலும் சொந்தக்காரங்க கல்யாணமும், அத வெச்சு ஒருத்தரோட ரசனைய எப்படிங்க கண்டுபிடிக்கறது?

அதனால ரசனைய அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல யாரோட போறீங்க, எந்த மாசம்னு கேட்ரணும். ஃப்ரெண்ட்ஸோட செஞ்சிக்கோட்டை ஏறுற அதே ஆளு முட்டிவலி இருக்கற அம்மாவ கூட்டிட்டு திருக்கழுக்குன்றம் போனா, மலைக்கோயிலுக்கு 500 படிக்கு மேலன்னு சிஸ்டத்துக்கு தெரிஞ்சிருக்கணும், கீழ இருக்கற பக்தவத்சலேஸ்வரர் கோயில தான் அது காட்டணும். வேடந்தாங்கல்ல நவம்பர்லேந்து மார்ச் வரைக்கும் தான் பறவைங்க கூட்டம், மே மாசம் லீவுல அத மேல காட்டி என்ன புண்ணியம்? ஊட்டி, கொடைக்கானல்னா 2024லேந்து இ-பாஸ், அதையும் சேத்தே சொல்லணும்.

படி எத்தன, நெழல் இருக்கா, டாய்லெட் சுத்தமா, கடைசி பஸ் எப்போ, இதெல்லாம் நேர்ல போய் பாத்து எழுதற ஆளு வேணும்ங்க, என்னக் கேட்டா அல்காரிதத்த விட இதுக்கு தான் பணம் செலவு பண்ணணும். இத வெச்சு ஒத்துவராத இடத்த எல்லாம் கழிச்சுட்டு, மிச்சம் இருக்கறத தான் ரசனைப்படி அடுக்கணும்.

இன்னொரு சிக்கல், எல்லாரும் மகாபலிபுரத்த க்ளிக் பண்றாங்கன்னு அதையே திரும்பத் திரும்ப காட்னா, காட்றதால இன்னும் க்ளிக், ஞாயித்துக்கெழமை ஈசிஆர்ல வண்டி நகராது. சென்னைக்கு வடக்கால பழவேற்காடு ஏரியும் அங்க இருக்கற டச்சுக்காரங்க பழைய கல்லறையும் யார் கண்ணுலயும் படாமலே போயிடும். லிஸ்ட்ல ஒரு எடத்த கண்டிப்பா இந்த மாதிரி ஊருக்குன்னு ஒதுக்கி வைங்க, க்ளிக்க மட்டும் எண்ணாம, போயிட்டு வந்தவங்க கிட்ட எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க, அந்த பதில் தான் அடுத்த குடும்பத்துக்கு உதவும்.