பக்கவாத்தியம் இல்லாத ராக் கச்சேரி

நேயர்களுக்கு வணக்கம். பெயர்பெற்ற ராக் பாடகர் தம் குழுவை விட்டுத் தனியாக மேடையேறுவது அபூர்வம். அதிலும் இரண்டு தினுசு உண்டு. 1988இல் மிக் ஜாகர், ரோலிங் ஸ்டோன்ஸ் இல்லாமல், நம் பக்கத்தில் ஜகார்த்தா வரை வந்து பாடினார். ஆனால் பின்னால் வேறொரு குழு முழுசாக நின்றது. கிட்டாரில் ஜோ சாட்ரியானி! புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1990 நவம்பர் 16, 17 இரவுகளில் லாஸ் ஏஞ்சலிஸ் ஷ்ரைன் அரங்கில் நின்றது நிஜமாகவே தனியாக. கிட்டார், ஹார்மோனிகா, பியானோ, குரல், அவ்வளவுதான். இந்த இரண்டாவது தினுசுக்கு ஒலி அமைப்பது பற்றித்தான் இன்று பேச்சு.

ஆள் குறைந்தால் வேலை குறையும் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் கூடும். டிரம்ஸ் இருந்தால் பல கோளாறுகள் அதன் சத்தத்தில் அமுங்கிவிடும். தனியாள் மேடையில் கேபிள் கரகரத்தால் கடைசி வரிசைக்கும் கேட்கும்.

பெரிய தொல்லை, கிட்டார் ஊளையிடுவது. அக்கூஸ்டிக் கிட்டார் ஒரு வெற்றுப்பெட்டி. உள்ளிருக்கும் காற்று 100 ஹெர்ட்ஸ் பக்கம் அதிரும். பாடகர் தன்னைக் கேட்க மேடையில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரின் சத்தம் அதற்குள் புகுந்தால் பெட்டி அதிர, அதிர்வை மின்சிக்னலாக்கும் பிக்கப் அதையே மறுபடி ஸ்பீக்கருக்கு அனுப்பும். பலரும் உடனே ஒலியைக் குறைப்பார்கள். பாடகருக்குத் தன் வாத்தியமே கேட்காமல் போகும். முதலில் ஒலித்துளையை ரப்பர் மூடியால் அடையுங்கள். பிறகு சிக்னலைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்சை மாற்றிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால், ஒத்திகையில் வேண்டுமென்றே ஊளையிடும்வரை ஏற்றி, அந்த அலைவரிசையை மட்டும் 3 முதல் 6 டெசிபல் குறுகலாக வெட்டுங்கள். அகலமாக வெட்டினால் கிட்டார் தகர டப்பாதான்.

மைக்கிலும் ஒரு வழக்கமான தப்பு நடக்கும். முன்பக்கத்து ஒலியையே அதிகம் வாங்கும் கார்டியாய்ட் மைக்குக்கு நேர் பின்புறம் காது கேட்காது. மானிட்டரை அங்கே வைக்கலாம். அதைவிடக் குறுகலாகக் கேட்கும் சூப்பர் கார்டியாய்டுக்குச் செவிட்டு இடம் பின்பக்கவாட்டில், முன்பக்கத்திலிருந்து சுமார் 125 பாகையில். மைக்கை மாற்றிவிட்டு மானிட்டரை நகர்த்தாமல் விட்டால் கீச்சிடும்.

அப்புறம் நம் ஊர் ஈரம். கிட்டார் மரத்துக்கு 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதம் போதும். மழை பெய்த சாயங்காலம் கோலாலம்பூரில் 80ஐத் தாண்டும். மரம் உப்பும், தந்தி மேலே எழும், விரல் வலிக்கும். வெளியிலிருந்து ஏர்கோன் குளிருக்குள் கொண்டுபோனால் தந்தி இறுகி சுருதி ஏறும். மிருதங்கக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். பார்வையாளர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஏர்கோனைப் போட்டு, வாத்தியத்தை மேடையிலேயே வைத்துவிடுங்கள். தந்தியை முந்தின நாளே மாற்றி, இழுத்து இழுத்துப் பழக்குங்கள். பிக்கப்பின் 9 வோல்ட் பேட்டரி சாகும்போது சட்டென்று நிற்காது. முதலில் ஒலி பிசிறடிக்கும். புதிது போடுவது சில ரிங்கிட் செலவு.

மின்பியானோவும் மிக்சரும் (ஒலிகளைக் கலக்கும் மேசை) வெவ்வேறு பிளக்கில் இருந்தால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் கிளம்பலாம். வாத்தியத்தை மிக்சரோடு இணைக்கும் டிஐ பெட்டியில், சிக்னல் கேபிளின் எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கிறது, அதைத் தட்டுங்கள். மின்பிளக்கின் எர்த் முனையை மட்டும் கழற்றவே கூடாது. பாடகரின் உதடு மைக்கில் படுகிறது, கை தந்தியில் இருக்கிறது, ஷாக் அடிக்கலாம்.

கடைசியாக, பாட்டோடு சேர்ந்து தட்டும் கைதட்டல். 1995இல் தொடங்கிய தனிப்பயணத்தில் ஸ்பிரிங்ஸ்டீன் ரசிகர்களை அமைதியாக இருக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். திமிர் என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். மேடையின் ஒலி 50 மீட்டர் தள்ளி இருப்பவரை எட்ட 0.15 வினாடி, அவர் தட்டியது திரும்பி வர இன்னொரு 0.15. நிமிடத்துக்கு 100 தட்டு ஓடும் பாட்டில் அது அரைத் தட்டு. டிரம்ஸ் இருந்தால் சமாளிக்கலாம். தனியாள் அதைக் கேட்டுக் கேட்டுக் காலம் இழுப்பார். நம் சபாக்களில் தொடையில் தாளம் போடுகிறார்களே, அதனால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.