கட்டுநாயக்கவின் மேகமும் ஹட்டன் மலையும்

வணக்கம் நேயர்களே.

சில நாட்களில் ஹெலிகொப்டர் வருகிற சத்தம் பள்ளத்தாக்கில் கேட்கும். கொஞ்ச நேரத்தில் சத்தம் தேய்ந்து, வந்த வழியே போய்விடும். கொழும்பில் வெயில் அடிக்கிறதே, ஏன் திரும்பினார்கள் என்று தோன்றும். விமானிகள் புறப்படுமுன் படிக்கும் வானிலை அறிக்கையை நம் மலைகளுக்குப் பொருத்தி வாசிக்கும் முறையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். விமானம் ஓட்டப் படிக்கும் நம் பிள்ளைகள் பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

மெட்டார் என்பது ஒரு விமான நிலையத்தில் அந்த நேரத்தில் கண்டும் அளந்தும் எழுதிய வானிலை. மணிக்கு ஒன்று, அல்லது அரை மணிக்கு ஒன்று வரும். கட்டுநாயக்க விமான நிலையத்தின் குறியீடு வி சி பி ஐ. மாதிரிக்கு ஒரு வரி சொல்கிறேன்: வி சி பி ஐ, 120230 இசட், 24010 கேடி, 8000, எஃப்இடபிள்யூ 016, பிகேஎன் 022, 29 சாய்கோடு 24, கியூ 1010, நோசிக்.

திகதி 12. நேரம் 02:30, ஆனால் அது உலக நேரம். ஐந்தரை மணியைக் கூட்டினால் நம் காலை 8 மணி. காற்று 240 பாகையிலிருந்து, அதாவது தென்மேற்குப் பக்கமிருந்து, 10 நொட். 8,000 மீற்றர் வரை பார்வை தெரிகிறது. 1,600 அடியில் துண்டு மேகம். 2,200 அடியில் வானத்தை எட்டாகப் பிரித்தால் ஐந்திலிருந்து ஏழு பங்கை மூடிய மேகம். வெப்பநிலை 29, பனிபடுநிலை, அதாவது காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை, 24. உயரமானியில் வைக்க வேண்டிய அமுக்கம் 1010. நோசிக் என்றால் அடுத்த இரண்டு மணித்தியாலத்தில் பெரிய மாற்றம் இல்லை.

கண்ணால் பார்த்துப் பறப்பவர்கள் விமான நிலையக் கட்டுப்பாட்டு வலயத்திலிருந்து கிளம்ப 1,500 அடி மேகக் கூரையும் (வானத்தில் பாதிக்கு மேல் மூடிய மேகத்தின் அடிமட்டம்) 5 கிலோமீற்றர் பார்வையும் இருந்தால் போதும் என்பது பொது விதி. ஆகவே இந்த அறிக்கைப்படி கட்டுநாயக்கவில் தடை ஏதும் இல்லை. மலைக்குப் போகிறவருக்கு இதே வரி வேறு செய்தி சொல்கிறது. அந்த 2,200 அடி, விமான நிலையத் தரையிலிருந்து அளந்தது. கட்டுநாயக்க கடலோரம், எனவே அது ஏறக்குறைய கடல் மட்டத்திலிருந்து 2,200 அடி. மலைநாட்டு ரயில் நிலையங்களின் பெயர்ப்பலகையில் உயரம் எழுதியிருக்கும், பார்த்திருப்பீர்கள். ஹட்டன் 4,100 அடிக்கு மேல், நானுஓயா 5,300 அளவில், பட்டிப்பொலை 6,200க்கு மேல். ஹட்டன் தண்டவாளத்துக்கே 1,900 அடி கீழே மேகம் தொடங்குகிறது! ஓடுபாதையில் நிற்பவருக்குக் கூரையாகத் தெரியும் அதே மேகம்தான் ஹட்டன் லயத்து வாசலில் மூடுபனியாக நிற்கிறது. விமானியாக வர நினைக்கும் பிள்ளைகள் அந்தப் பெயர்ப்பலகை உயரங்களை மனப்பாடம் செய்யுங்கள்; மெட்டார் வாசிக்க அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது.

மேக உயரம் சரிதானா என்று நீங்களே சோதிக்கலாம். வெப்பநிலையிலிருந்து பனிபடுநிலையைக் கழித்து 400 ஆல் பெருக்குங்கள். 29இல் 24 போனால் 5. ஐந்து நானூறு 2,000 அடி. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று சரிவில் ஏறும்போது ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் மேகமாகும். தென்மேற்குப் பருவப்பெயர்ச்சியில், மே முதல் செப்டெம்பர் வரை, வட்டவளை, கினிகத்தேனை, நோர்வூட் பக்கம் நாள் முழுக்க மூடிக்கிடப்பது இதனால்தான்.

டாஃப் என்பது முன்னறிவிப்பு. அதில் கவனமாகப் பார்க்க வேண்டிய சொல் டெம்போ. 'டெம்போ 1208 சாய்கோடு 1212, டிஎஸ்ஆர்ஏ' என்றால், 12ஆம் திகதி நம் நேரம் பிற்பகல் ஒன்றரை முதல் ஐந்தரை வரை இடியுடன் மழை விட்டுவிட்டு வரலாம். ஒவ்வொரு தடவையும் ஒரு மணித்தியாலத்துக்குக் குறைவு, எல்லாம் சேர்த்தாலும் அந்தக் காலத்தில் பாதிக்குக் குறைவு. ஆனால் டாஃப் பேசுவது அந்த விமான நிலையத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் மட்டுமே. ஹட்டன் நேர்கோட்டில் 80 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது. ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும், அந்த இடைப்பருவ மாதங்களில், வெயிலில் சூடான சரிவுகளில்தான் இடிமேகம் முதலில் எழும். கரைக்கு அது பிறகுதான் வரும். ஆகவே கட்டுநாயக்கவுக்கு ஒன்றரை மணி என்று போட்டிருந்தால் மலைக்கு நண்பகலையே எல்லையாக வையுங்கள். காலையில் போய், அதற்குள் இறங்கிவிடுவதுதான் என் கணக்கு.

காற்றைப் பற்றி. தரையில் 10 நொட் என்பதை வைத்து மலைமுகட்டை மதிப்பிடக் கூடாது. 5,000 அடி, 10,000 அடி உயரத்துக் காற்று வரைபடங்களைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். தென்மேற்குக் காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, முகடு தாண்டி வெலிமடை, பண்டாரவளை பக்கம் வறண்டு இறங்கும். மட்டக்களப்பார் கச்சான் காற்று என்று சொல்வது அதைத்தான். அந்தப் பக்கம் வானம் தெளிவாக இருக்கும், அதை நம்பித்தான் மோசம் போகிறார்கள். காற்றொதுக்குப் பக்கம், அதாவது காற்று முகடு தாண்டி இறங்கும் பக்கம், முகட்டை ஒட்டிக் காற்று கீழே அழுத்தும். நிமிடத்துக்கு 500 அடி ஏறும் சிறு விமானம், நிமிடத்துக்கு 1,000 அடி இறங்கும் காற்றுக்குள் முழு வலு கொடுத்தாலும் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். முகட்டை 45 பாகைக் கோணத்தில் அணுகினால், அழுத்தம் தெரிந்தவுடன் சிறு திருப்பத்திலேயே தாழ்நிலத்துப் பக்கம் விலகலாம். நேராகப் போனால் முழுசாகத் திரும்ப வேண்டும், அதற்கு அங்கே இடம் கிடைக்காது.

நுவரெலியாவில் இன்னொரு சிக்கல், அடர்த்தி உயரம்: காற்று ஐதாவதால் விமானம் எந்த உயரத்தில் இருப்பதுபோல் இயங்குகிறதோ அந்த உயரம். ஊர் 6,100 அடி. அந்த உயரத்துக்குக் கணக்கில் வைத்திருக்கும் நியம வெப்பநிலை ஏறக்குறைய 3 பாகை. பகலில் 20 பாகை என்றால் 17 பாகை அதிகம். பாகைக்கு 120 அடி வீதம் கூட்டினால் 2,040. இயந்திரமும் சுழலியும் 8,100 அடிக்கு மேல் இருப்பதாகவே உணரும். பீதுருதலாகல உச்சி 8,281 அடி! குளிரான ஊர்தானே என்று ஆளையும் பாரத்தையும் ஏற்றினால் ஹெலிகொப்டர் தரையை விட்டு எழும்பும், மரங்களைத் தாண்டாது.

மேகத்துக்குள் கருவிகளை நம்பிப் போகிறவர்களுக்கு, மலைப்பகுதியில் மிக உயர்ந்த தடைக்கு மேல் 2,000 அடி வேண்டும். பீதுருதலாகல உச்சியோடு கூட்டினால் ஏறத்தாழ 10,300 அடி. 1974 டிசம்பர் 4 இரவு கொழும்புக்கு வந்த டச்சு விமானம், தான் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து உயரம் குறைத்து, மஸ்கெலியாப் பக்கம் ஏழு கன்னியர் மலையில் மோதியது. ஹஜ் யாத்திரிகர்கள் உட்பட 191 பேரும் இறந்தார்கள். எந்த மெட்டாரிலும் மலை எழுதியிருக்காது. வரைபடத்தில் பார்த்து அதை நாம்தான் வரியோடு சேர்த்து வாசிக்க வேண்டும்.

இறங்கும் இடத்தில் இருப்பவரிடம் தொலைபேசியில் கேட்பது கட்டாயம். "அண்ணே, வானம் எப்படி?" என்று கேட்டால் "நல்லா இருக்குங்க தம்பி" என்றுதான் பதில் வரும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "சிவனொளிபாதமலை தெரியுதா? பாதி தெரியுதா, முழுசாவா? எதிர்மலைத் தேயிலைத் தொழிற்சாலைக் கூரை தெரியுதா?" என்று கேளுங்கள். தூரமும் உயரமும் உங்களுக்குத் தெரிந்த அடையாளங்களாக இருக்க வேண்டும். "பஸ்ஸெல்லாம் லைட்டு போட்டுக்கிட்டு வருதுங்க" என்றால் கிளம்ப வேண்டாம். நல்ல பதில் வந்தாலும் அரை மணி கழித்து மறுபடி கேளுங்கள். முன்பு தெரிந்த தொழிற்சாலைக் கூரை மறைந்திருந்தால் மேகம் இறங்குகிறது.

திரும்பும் எல்லையைத் தரையிலேயே தாளில் எழுதுங்கள்: எந்த இடத்துக்குமேல், எந்த உயரத்துக்குக் கீழே மேகம் இருந்தால் திரும்புவது என்று. பள்ளத்தாக்கில் நடுவே பறக்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கிப் பறந்தால் திரும்ப முழு அகலமும் கிடைக்கும். போய்வர எரிபொருளும், பகல் பயணத்துக்கு அதன்மேல் 30 நிமிட இருப்பும் வேண்டும்.

மேலே இறங்கிய பிறகும் வேலை முடியவில்லை. திரும்பக் கிளம்புமுன் கட்டுநாயக்க, இரத்மலானை இரண்டின் புதிய மெட்டாரையும் எடுங்கள். காலையில் எடுத்தது பழையது. கீழே இடிமழை என்றால் மேலேயே நில்லுங்கள். அதற்காகச் சுழலித் தகடுகளைக் கட்டும் கயிறும், மூடுவதற்கு ஒரு தார்ப்பாயும் காலையிலேயே ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

நன்றி, வணக்கம்.