கியூபா ஏவுகணை நெருக்கடி: கென்னடி முறைத்து நின்றதால்தான் குருஷேவ் பின்வாங்கினாரா?

அடுத்த கேள்வி. போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிற ஒரு தங்கை, பனிப்போர் பற்றிய போன வீடியோவைப் பார்த்துவிட்டு அனுப்பியிருக்கிறார். அப்படியே படிக்கிறேன்: "1962இல் கியூபாவில் சோவியத் யூனியன் ஏவுகணை வைத்தது, கென்னடி கொஞ்சமும் விட்டுக்கொடுக்காமல் நின்றார், குருஷேவ் பயந்துபோய் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார் என்றுதான் படித்திருக்கிறோம். அப்படியென்றால் வல்லரசுகளின் சண்டையில் கடைசிவரை முறைத்துக்கொண்டு நிற்பவருக்குத்தான் வெற்றி என்று எடுத்துக்கொள்ளலாமா?"

எடுத்துக்கொள்ளக் கூடாது அம்மா. ஏனென்றால் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி விட்டுக்கொடுத்தார். விட்டுக்கொடுத்ததை வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான். அது முழுசாக வெளியே வர இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆனது, அதற்குள் நீங்கள் படித்த அந்தக் கதை உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டது.

இதைக் கியூபாவில் ஆரம்பித்தால் புரியாது, துருக்கியில் ஆரம்பிக்க வேண்டும். அங்கே இஸ்மீர் நகரத்தை ஒட்டி அமெரிக்கா 15 ஜூபிடர் ஏவுகணைகளை நிறுத்தியிருந்தது, அணுகுண்டோடு. அங்கிருந்து மாஸ்கோ எட்டும் தூரம். இத்தாலியில் இன்னும் 30. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 1961 ஏப்ரலில் அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ பயிற்சி கொடுத்த சுமார் 1,400 கியூப அகதிகள் கியூபாவின் பிக்ஸ் வளைகுடாவில் இறங்கி, மூன்று நாளில் தோற்றுப்போனார்கள். அதன் பிறகும் கியூபத் தலைவர் காஸ்ட்ரோவைக் கவிழ்க்கிற ரகசிய வேலையை அமெரிக்கா நிறுத்தவில்லை. ஆக, அடுத்த படையெடுப்பு எப்போது வருமோ என்று ஹவானா பயந்ததில் நியாயம் இருந்தது. சோவியத் தலைவர் குருஷேவுக்கோ வேறு கவலை. அமெரிக்காவைப் போய் எட்டுகிற நீண்ட தூர ஏவுகணை அவரிடம் மிகக் குறைவு, அமெரிக்காவிடம் பல மடங்கு. கையில் நிறைய இருக்கிற நடுத்தர தூர ஏவுகணையைக் கியூபாவில் கொண்டுபோய் வைத்தால் அந்தப் பள்ளத்தை நிரப்பிவிடலாம், காஸ்ட்ரோவுக்கும் காவல், நம்மைச் சுற்றி ஏவுகணை நிற்பது எப்படி இருக்கும் என்று அமெரிக்காவுக்கும் தெரியட்டும் என்று கணக்குப் போட்டார். கியூபாவுக்கும் ஃபுளோரிடாவுக்கும் நடுவே சுமார் 145 கிலோமீட்டர்தான்.

அக்டோபர் 14 அன்று யு-2 உளவு விமானம் எடுத்த படத்தில் ஏவுதளங்கள் தெரிந்தன. 16ஆம் தேதி காலை கென்னடிக்குச் சொல்கிறார்கள். தளபதிகள் உடனே குண்டு போடலாம் என்றார்கள். அவர் கடற்படையை வைத்துக் கியூபாவைச் சுற்றி வளைப்பது என்று முடிவெடுத்து, 22ஆம் தேதி இரவு தொலைக்காட்சியில் நாட்டுக்குச் சொன்னார். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இருக்கும், நான் நீட்டவில்லை. நீங்கள் நின்று பார்க்க வேண்டியது 27ஆம் தேதி, சனிக்கிழமை.

அன்று காலை கியூபாவுக்கு மேலே பறந்த மேஜர் ருடால்ஃப் ஆண்டர்சனின் யு-2 விமானத்தைச் சோவியத் ஏவுகணை சுட்டு வீழ்த்தியது, அவர் இறந்துபோனார். இந்த உத்தரவு மாஸ்கோவிலிருந்து வரவில்லை, அங்கே இருந்த சோவியத் அதிகாரிகளே கொடுத்தது. அதே நாளில் வடதுருவப் பக்கம் போன இன்னொரு யு-2, துருவ ஒளியில் நட்சத்திரங்கள் சரியாகத் தெரியாமல் வழி தவறி, சைபீரியாவின் சுகோட்கா மேலே நுழைந்துவிட்டது. அதைப் பிடிக்க சோவியத்தின் மிக் போர் விமானங்கள் கிளம்பின. அதைக் காப்பாற்ற அலாஸ்காவிலிருந்து அமெரிக்கப் போர் விமானங்கள் கிளம்பின, அணு ஆயுதம் பொருத்திய ஏவுகணைகளோடு! கென்னடியோ குருஷேவோ திட்டமிட்ட காரியம் இல்லை இது, ஒரு விமானி வழி தவறினார், அவ்வளவுதான்.

மூன்றாவது, கடலுக்குள்ளே. பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கிக் கப்பலை அமெரிக்கப் போர்க்கப்பல்கள் சூழ்ந்துகொண்டு, மேலே வா என்று சைகை காட்டப் பயிற்சி வெடிகளைப் போட்டுக்கொண்டிருந்தன. குளிர்க்கடலுக்காகக் கட்டிய கப்பல் அது. உள்ளே 45 டிகிரிக்கு மேல் சூடு, மின்கலம் தீர்ந்துகொண்டு வருகிறது, காற்று கெட்டுவிட்டது, மாஸ்கோவோடு தொடர்பு இல்லை. மேலே போரே தொடங்கிவிட்டதோ என்று உள்ளே இருப்பவர்களுக்குச் சந்தேகம். அந்தக் கப்பலில் அணுகுண்டு வைத்த டார்பிடோ ஒன்று இருந்தது, மேலே இருந்த அமெரிக்கர்களுக்கு அது தெரியாது. கப்பலில் இருந்த ஓர் அதிகாரி பின்னாளில் சொன்னபடி, கேப்டன் சாவித்ஸ்கி ஆத்திரத்தில் அந்த டார்பிடோவைத் தயார் செய்யச் சொல்லிவிட்டார். உடன் இருந்த வசிலி அர்கிபோவ் என்ற மூத்த அதிகாரி அவரை அமைதிப்படுத்தி, கப்பலை மேலே கொண்டுவர வைத்தார். இந்த மனிதரின் பெயரைப் பாடப்புத்தகத்தில் கென்னடி பெயருக்குப் பக்கத்திலேயே போட வேண்டும் என்பது என் கருத்து. முந்தைய வருஷம்தான் கே-19 என்ற அணுசக்தி நீர்மூழ்கியில் உலை விபத்து நடந்தபோது அவர் அதில் இருந்தார், கதிர்வீச்சில் கூட வேலை செய்தவர்கள் சாவதைப் பார்த்தவர்.

சரி, இப்போது பேரத்துக்கு வருவோம். 26ஆம் தேதி குருஷேவிடமிருந்து ஒரு நீண்ட கடிதம் வந்திருந்தது. போர் என்கிற முடிச்சை ஆளுக்கொரு முனையில் பிடித்து இழுத்தால் முடிச்சு இறுகத்தான் செய்யும், அப்புறம் வெட்டத்தான் வேண்டிவரும் என்று எழுதியிருந்தார், கியூபாவைத் தாக்கமாட்டோம் என்று சொன்னால் போதும் என்கிற தொனி. மறுநாள் இரண்டாவது செய்தி: துருக்கி ஏவுகணைகளையும் எடுக்க வேண்டும். கென்னடியின் ஆலோசகர்களில் பெரும்பாலானவர்களுக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் கென்னடி அந்தக் கூட்டங்களை ரகசியமாகப் பதிவு செய்து வைத்திருந்தார், அந்தப் பதிவில் அவர் பேசுவது தெளிவாக இருக்கிறது: நியாயமாக யோசிக்கிற எவருக்கும் இது சரியான பரிமாற்றமாகத்தான் படும் என்கிறார். முறைத்துக்கொண்டு நின்றவர் என்று நாம் படித்த அதே கென்னடி.

அன்று சாயங்காலம் அவருடைய தம்பி ராபர்ட் கென்னடி, சோவியத் தூதர் தோப்ரினினைத் தன் அலுவலகத்துக்கு வரச் சொன்னார். கியூபாமீது படையெடுக்கமாட்டோம், இதை வெளிப்படையாகச் சொல்கிறோம். துருக்கி ஏவுகணைகளை நாலைந்து மாதத்தில் எடுத்துவிடுகிறோம், ஆனால் இது வெளியே தெரியவே கூடாது என்றார். இரண்டு நாள் கழித்து இந்த உடன்பாட்டைக் குறிப்பிட்டு குருஷேவ் ஒரு கடிதம் அனுப்பினார். ராபர்ட் கென்னடி அதை வாங்கி வைத்திருந்துவிட்டு, மறுநாள் தூதரைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார், காகிதத்தில் எதுவும் இருக்கக் கூடாது என்று. 1963 ஏப்ரல் முடிவதற்குள் அந்த 15 ஜூபிடர்களும் துருக்கியை விட்டுப் போய்விட்டன.

இந்தச் செய்திகள் எப்படிப் போயின தெரியுமா? சோவியத் தூதரகம் சங்கேத மொழியில் தந்தி எழுதி வைக்கும், வெஸ்டர்ன் யூனியன் கம்பெனியிலிருந்து ஓர் இளைஞர் சைக்கிளில் வந்து வாங்கிக்கொண்டு போவார். வழியில் எங்கேயும் நிற்காமல் போகச் சொல்லி அனுப்பிவிட்டு, போகிற வழியில் அவர் காதலியைப் பார்க்க நின்றுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்வோம் என்று தோப்ரினினே பின்னாளில் எழுதியிருக்கிறார். உலகம் அழியுமா என்கிற செய்தி அது.

குருஷேவும் அதற்குள் ஆடிப்போயிருந்தார். தன் உத்தரவு இல்லாமலே விமானம் வீழ்த்தப்பட்டிருக்கிறது, அமெரிக்கா படையெடுத்தால் அணு ஆயுதத்தால் அடித்துவிடுங்கள் என்கிற மாதிரி காஸ்ட்ரோவிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. தோப்ரினினின் அறிக்கை மாஸ்கோவை அடைந்தபோது அவரும் இறங்கிவரத் தயாராகத்தான் இருந்தார். 28ஆம் தேதி, தந்தி போய்ச் சேரும்வரை காத்திருக்க நேரமில்லை என்று, சம்மதத்தை மாஸ்கோ வானொலியிலேயே படித்துவிட்டார்கள். தன் நாட்டு மண்ணில் இருந்த ஏவுகணை போகப்போகிறது என்று காஸ்ட்ரோவுக்கு யாரும் சொல்லவில்லை, அவருக்கும் செய்தி வழியாகத்தான் தெரிந்தது. கொதித்துப்போனார். துருக்கியையும் யாரும் கேட்கவில்லை. வல்லரசுகளின் சண்டையில் எனக்கு எப்போதும் உறுத்துவது இதுதான்.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அதே அக்டோபர் 20ஆம் தேதிதான் சீனா லடாக்கிலும் நேஃபாவிலும், அதாவது இன்றைய அருணாசலத்திலும், தாக்கியது. கியூபா விஷயத்தில் சீனாவின் ஆதரவு தேவைப்பட்ட நேரம் என்பதால், அதுவரை நமக்கு நண்பராக இருந்த சோவியத்தின் பிராவ்தா பத்திரிகை அந்த வாரம் சீனா பக்கம் சாய்ந்து எழுதியது. கியூபா நெருக்கடி தணிந்த பிறகுதான் அந்தத் தொனி மாறியது.

இப்போது, மறைத்ததால் என்ன கெட்டுப்போனது என்று கேட்பீர்கள். பேரம் பேசியதில் தவறே இல்லை, அதுதான் நம்மை எல்லாம் காப்பாற்றியது. மறைத்ததுதான் பின்னால் வினையாகிவிட்டது. பேரம் முடிவான அறையில் ஒரு சிலர்தான் இருந்தார்கள், துணை ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் அதில் இல்லை, அவருக்குச் சொல்லவும் இல்லை. ஓராண்டில் கென்னடி கொல்லப்பட்டு அவர்தான் ஜனாதிபதியானார். உறுதியாக நின்றால் கம்யூனிஸ்டுகள் இறங்கிவருவார்கள் என்பதுதான் கியூபாவிலிருந்து அவருக்குத் தெரிந்த பாடம், அதோடுதான் வியட்நாமுக்குள் போனார். விஷயம் தெரிந்த பாதுகாப்பு அமைச்சர் மக்னமாராவே அந்தப் போரை நடத்தினார் என்பதும் உண்மை, ஆகவே எல்லாப் பழியையும் இந்த ரகசியத்தின் மேல் நான் போடமாட்டேன். ஆனாலும் பங்கு உண்டு. 1989இல்தான், மாஸ்கோவில் நடந்த ஒரு கருத்தரங்கில், கென்னடியின் உதவியாளர் சோரன்சன், ராபர்ட் கென்னடி எழுதி வைத்திருந்த குறிப்புகளைப் புத்தகமாக்கியபோது, துருக்கி பேரம் பற்றிய பகுதியைத் தானே மழுப்பிவிட்டதாக ஒப்புக்கொண்டார். 1992இல் ஹவானாவில் மக்னமாராவுக்கே இன்னொன்று தெரியவந்தது. அந்த நடுத்தர தூர ஏவுகணைகளைத் தவிர, இறங்கி வருகிற படையை அடிக்கக்கூடிய குறுந்தூர அணு ஆயுதங்களும் அன்றைக்குக் கியூபாவில் இருந்தன. தளபதிகள் கேட்ட படையெடுப்பு நடந்திருந்தால் அமெரிக்கச் சிப்பாய்கள் நேரே அதில்தான் போய் விழுந்திருப்பார்கள்.

குருஷேவ் தோற்றாரா என்றால், பதவியில் தோற்றார், 1964 அக்டோபரில் அவரைக் கட்சியே இறக்கியது, அப்போது சொன்ன குற்றச்சாட்டுகளில் கியூபாவும் ஒன்று. பேரத்தில் தனக்குக் கிடைத்ததை வெளியே சொல்ல முடியாத நிலையில் அவரை வைத்திருந்தார்கள். சைக்கிள் தந்திக்கு மட்டும் உடனே முடிவு வந்தது: 1963 ஆகஸ்டில் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் நேரடித் தொடர்பு போட்டார்கள், சினிமாவில் வருகிற சிவப்பு டெலிபோன் இல்லை, எழுத்தில் செய்தி அடிக்கிற டெலிபிரிண்டர். வியட்நாம் பற்றி இன்னொருவர் தனியாகக் கேட்டிருக்கிறார், அதற்கு இப்போது வருகிறேன்.