ஆற்று வாயில் தொங்கிய பூட்டு

நண்பர்களே, 1788 ஏப்ரல் 7-ஆம் தேதி, அமெரிக்காவின் ஓஹியோ ஆற்றில் மஸ்கிங்கம் ஆறு வந்து கலக்கும் இடத்தில் ரூஃபஸ் புட்னம் தலைமையில் 48 பேர் கரையிறங்கினார்கள். அங்கே எழுந்த ஊர்தான் மரியெட்டா.

நிலத்தை அளக்கும் சட்டம் 1785-லேயே வந்துவிட்டது. காட்டை 6 மைலுக்கு 6 மைல் சதுரங்களாக வகுத்து, ஒவ்வொன்றையும் 640 ஏக்கர் கொண்ட 36 பங்காகப் பிரித்தார்கள். அதில் 16-ஆம் பங்கு பள்ளிக்கூடத்துக்கு. நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் அந்த மண் ஷானி, டெலவேர், மயாமி என்ற பூர்வகுடி மக்கள் வாழ்ந்த மண். அவர்கள் எதிர்த்துப் போரிட்டார்கள். 1791-இல் அமெரிக்கத் தளபதி செயின்ட் கிளேரின் படையையே சிதறடித்தார்கள். 1794-இல் தோற்ற பிறகு, மறு ஆண்டு கிரீன்வில் ஒப்பந்தத்தில் பெரும்பகுதியை இழந்தார்கள். இதைச் சொல்லாமல் அங்கே விளைந்த சோளத்தைப் பற்றி என்னால் பேச முடியாது.

மண் வளமானது, மக்காச்சோளம் கொழித்தது. விற்பது எங்கே? கிழக்கே அப்பலாச்சிய மலை. வண்டியில் ஏற்றினால் கூலியே விலையைத் தின்றுவிடும். அதனால் சோளத்தைப் பன்றிக்குப் போட்டு இறைச்சியாக்கினார்கள், காய்ச்சி விஸ்கியாக்கினார்கள், பீப்பாயில் அடைத்தார்கள். வெள்ளம் ஏறும் காலம் பார்த்துத் தட்டைப் படகில் ஏற்றி, ஓஹியோ வழியே மிசிசிப்பி ஆற்றுக்கு வந்து, நீரோட்டத்தின் போக்கிலேயே 1,500 மைலுக்கு மேல், அந்த ஆற்று வாய்க்கு அருகே இருக்கும் நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்துக்கு இறக்கினார்கள். அந்தப் படகு எதிரோட்டத்தில் திரும்பாது. சரக்கு விற்றதும் அதையும் பிரித்துப் பலகையாக விற்றுவிடுவார்கள். பிறகு மிசிசிப்பிக் கரை ஊரான நாச்செஸிலிருந்து நாஷ்வில் வரை காட்டுப் பாதையில் கால்நடையாக வீடு திரும்புவார்கள்!

ஒரு வருட உழைப்பு முழுக்க அந்த ஒரு துறைமுகத்தை நம்பித்தான். அதுவோ ஸ்பெயினின் கையில். 1784-இல் அமெரிக்கப் படகுகளுக்கு ஸ்பெயின் மிசிசிப்பியை அடைத்தது. 1795 ஒப்பந்தத்தில் திறந்தது. சரக்கை இறக்கிவைக்கும் உரிமையும் தந்தது. 1802-இல் அந்த உரிமை மறுபடி பறிபோனது. கரையோர உழவர்கள் கொதித்தெழுந்தார்கள். நான் அவர்கள் பக்கம்தான்: விளைந்ததை விற்க வழியில்லாதவனுக்கு நிலப் பத்திரம் வெறும் காகிதம்.

அதற்குள் நியூ ஆர்லியன்ஸும் மிசிசிப்பிக்கு மேற்கே பரந்த நிலமும் சேர்ந்த லூசியானா, ஸ்பெயினிடமிருந்து பிரான்ஸுக்கு என்று முடிவாகியிருந்தது. நியூ ஆர்லியன்ஸை விலைக்குக் கேட்கத்தான் அமெரிக்கத் தூதர்கள் லிவிங்ஸ்டனும் மன்றோவும் பாரிஸில் பேசினார்கள். நெப்போலியனோ லூசியானா முழுவதையும் தருகிறேன் என்றான். 1803-இல் 1.5 கோடி டாலருக்குப் பேரம் முடிந்தது. மரியெட்டாவின் மாவுப் பீப்பாய்கள் இனி யாரையும் கேட்காமல் கடலுக்குப் போகலாம்.