பேனல் வெயிலில், போன் நிழலில்

வணக்கம். மேலூரில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கரண்டு இல்லாத இடத்தில் சூரிய ஒளியை வைத்துப் போனுக்குச் சார்ஜ் ஏற்றுவது எப்படி என்று பேசச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இந்த விஷயத்தில் பெரிய படிப்பெல்லாம் எனக்குக் கிடையாது, ஆனால் ஏமாந்த அனுபவம் உண்டு. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போனோம். மேலூரிலிருந்து நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாக நாலு நாள் நடை. கிளம்பும் முன் ஆன்லைனில் ஒரு சோலார் பவர் பேங்க் வாங்கினேன், அதாவது பவர் பேங்கின் முதுகிலேயே உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்ன பேனல் ஒட்டியிருக்குமே, அது. வெயிலில் காட்டினால் போதும், சார்ஜ் தீரவே தீராது என்கிற மாதிரி பெட்டியில் போட்டிருந்தது. பையின் பின்னால் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தேன். காலையில் மேற்கே பார்த்து நடக்கிறோம், வெயில் முதுகில் அடிக்கிறது, பச்சை விளக்கு எரிகிறது, எனக்கு ஒரே பெருமை. மதியத்துக்கு மேல் சூரியன் முகத்துக்கு நேராக வந்துவிட்டது, பேனல் என் பையின் நிழலிலேயே கிடந்தது. செல்போன் கடைக்காரனுக்கு இது முதல் நாளே புரிந்திருக்க வேண்டும், மூன்றாம் நாள் போன் செத்த பிறகுதான் புரிந்தது. வீட்டில் பயந்துபோய், கூட வந்த அத்தனை பேருக்கும் போன் போட்டிருக்கிறார்கள். கடைசியில் ஒரு அன்னதானப் பந்தலில் ஒரே பிளக் பாயிண்டில் இருபது போன் தொங்கிக்கொண்டிருந்த இடத்தில் வரிசையில் நின்று சார்ஜ் போட்டேன்.

திரும்பி வந்ததும் அதைப் பிரித்து, மொட்டை மாடியில் உச்சி வெயிலில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். ஒரு வாட் தேறியது. இப்போது கணக்குப் போடுங்கள். 10,000 எம்.ஏ.எச். என்று சொல்கிற பவர் பேங்க் என்றால் 10 ஆம்பியர் மணி, உள்ளே இருக்கிற பேட்டரி 3.7 வோல்ட், இரண்டையும் பெருக்கினால் அது பிடிப்பது 37 வாட் மணி, அதாவது ஒரு வாட் வீதம் 37 மணி நேரம். ஒரு வாட் வீதம் நிரப்ப 37 மணி நேரம் நல்ல வெயில் வேண்டும். ஒரு நாளைக்கு நல்ல வெயில் என்பது ஐந்தாறு மணி நேரம், அப்படியானால் ஒரு வாரம். பழனிக்குப் போய் மொட்டை போட்டு, பஞ்சாமிர்தம் வாங்கி, பஸ் ஏறி ஊர் வந்து சேர்ந்த பிறகுதான் அது நிரம்பும்.

கடைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்கிற கணக்கு ஒன்று இருக்கிறது. நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழுவது சுமார் 1000 வாட் ஒளி. பேனல் அதில் ஐந்தில் ஒரு பங்கு, கூடிப்போனால் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான் கரண்டாக மாற்றும். சதுர அடிக்குக் கொண்டுவந்தால் ஏறக்குறைய 20 வாட். வீட்டு மனைக்குச் சதுர அடி பார்க்கிற நாம் இதற்கும் பார்க்கலாமே. ஒரு சதுர அடிகூட இல்லாத பேனலை 40 வாட் என்று யாராவது விற்றால் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். அதிலும் அட்டையில் போட்டிருக்கிற வாட், பேனல் 25 டிகிரி சூட்டில் இருக்கும்போது ஆய்வுக்கூடத்தில் அளந்தது. நம் கையில் அதில் அறுபது எழுபது சதவீதம் வந்தால் நல்ல பேனல்.

25 டிகிரி என்றதும் சிரிப்பு வந்திருக்கும். கத்திரி வெயிலில் பேனலைத் தொட்டால் கை பொத்துப்போகும், எப்படியும் 60, 65 டிகிரி இருக்கும். 25க்கு மேல் ஏறுகிற ஒவ்வொரு டிகிரிக்கும் சிலிக்கான் பேனல் கிட்டத்தட்ட 0.4 சதவீதம் இழக்கிறது. 65 என்றால் 16 சதவீதம் போச்சு. மதுரை வெயிலுக்குச் சார்ஜ் பிய்த்துக்கொண்டு ஏறும் என்று நினைக்கிறோம், பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்லை. காற்றடிக்கிற தை மாத வெயில் அதற்கு ரொம்பப் பிடிக்கும்.

பேனலாவது கொஞ்சம் குறைத்துக் கொடுக்கும், பேட்டரி கெட்டே போய்விடும். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது. போனை வெயிலில் வைத்துச் சார்ஜ் போட்டால், சூடாகிவிட்டது என்று அதுவே நிறுத்திக்கொள்வது இதனால்தான். நிறுத்தாத மட்டமான சரக்கு உப்பிவிடும். அப்படி உப்பின பேட்டரியை மாதத்துக்கு ஒன்றிரண்டு பார்க்கிறேன். இப்போது நான் வாங்கிய சாமானை யோசித்துப் பாருங்கள். பேனலுக்கு வெயில் வேண்டும், பேட்டரிக்கு நிழல் வேண்டும், இரண்டையும் ஒரே உடம்பில் ஒட்டிப் பையில் தொங்கவிடச் சொல்கிறார்கள்! இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும், நடுவில் நீளமாக ஒரு கேபிள் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் மொத்த விஷயமும் இவ்வளவுதான்.

இதை நான் சரியாகக் கற்றுக்கொண்டது ஒரு கிடைக்காரரிடம். எங்கள் பக்கம் அறுப்பு முடிந்ததும் ராமநாதபுரம் சீமையிலிருந்து ஆட்டுக்கிடை போட, அதாவது எருவுக்காக ராத்திரியில் ஆட்டை வயலில் அடைத்துவைக்க வருவார்கள், மாதக்கணக்கில் வயலிலேயே வாசம். போன் இல்லாமல் பிழைப்பு கிடையாது, அடுத்து யார் வயல் என்று பேசுவதே போனில்தான். அவர் மடக்கு பேனல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். 21 வாட் என்று போட்டிருந்தது. "தம்பி, நாளெல்லாம் வெயில்ல கெடக்கு, போன்ல பத்துகூட ஏற மாட்டேங்குது, டிங் டிங்குன்னு சத்தம் மட்டும் போடுது" என்றார்.

அந்த டிங் டிங்தான் விஷயம். பேனலிலிருந்து நேராகப் போனுக்குக் கேபிள் போட்டிருக்கிறார். ஒரு மேகம் கடந்தால் வோல்ட் விழும், சார்ஜ் அறுந்துவிடும், மேகம் போனதும் திரும்பப் பிடிக்கும். ஒவ்வொரு தடவையும் திரை எரிந்து அணைகிறது, ஏறியதை அதுவே தின்றுவிடுகிறது. சில போன் அதைவிட மோசம், ஒரு தடவை கரண்டு குறைந்தால் இது சோப்ளாங்கி சார்ஜர் என்று முடிவுகட்டி, வெயில் திரும்பிய பிறகும் சொட்டுச் சொட்டாகத்தான் வாங்கும். கேபிளைப் பிடுங்கி மறுபடி சொருகினால்தான் சரியாகும். அதனால் பகலில் பேனலிலிருந்து பவர் பேங்குக்கு ஏற்றுங்கள், ராத்திரி பவர் பேங்கிலிருந்து போனுக்கு ஏற்றுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். 12 வாட் வந்தால்கூட, வழியில் வீணாவதையும் சேர்த்து நாலு, நாலரை மணி நேரத்தில் 10,000 எம்.ஏ.எச். நிரம்பிவிடும். போனுக்கு இறக்கும்போதும் கொஞ்சம் வீணாகும், அதனால் அது 5000 எம்.ஏ.எச். போனை ஒரு தடவை முழுசாக நிரப்பிக் கொஞ்சம் மிச்சமும் வைக்கும்.

இரண்டு நாள் கழித்து நானே கிடைக்குப் போய்ப் பார்த்தேன். பேனலைக் கருவேல மரத்தடியில் விரித்திருந்தார். மரத்தில் இலையா இருக்கு, குச்சி நிழல்தானே என்றார். பேனலுக்குள் இருக்கிற செல்கள் ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்தவை. பெரியாறு கால்வாயில் நடுவில் ஒரு இடத்தில் அடைத்துக்கொண்டால் கடைமடைக்குத் தண்ணீர் வராது இல்லையா, அதே கதைதான். ஒரு செல்லின் மேல் கை அகல நிழல் விழுந்தாலும் மொத்தமும் படுத்துவிடும். தூசியும் அப்படித்தான், ஆனால் அவ்வளவு மோசமில்லை. கமுதியில் 2016இல் வந்த 648 மெகாவாட் சோலார் நிலையத்தில் பேனல் துடைப்பதற்கென்றே ரோபோ வைத்திருக்கிறார்கள், நமக்கு ஒரு ஈரத்துணி போதும்.

சாய்ப்பது பற்றியும் கேட்பார்கள். ஒரு பென்சிலைப் பேனல் மேல் செங்குத்தாக நிறுத்துங்கள், நிழல் இல்லாமல் போகிற வரைக்கும் பேனலைத் திருப்புங்கள், அவ்வளவுதான். சித்திரை பிறக்கும் சமயம் மதுரையில் மதியம் பன்னிரண்டேகால் வாக்கில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், அப்போது தரையில் சும்மா விரித்துப் போட்டால் போதும். தை மாதம் மதியத்தில் 30 டிகிரி வரை தெற்கே சரிந்திருக்கும், ஒரு கல்லை அண்டக்கொடுத்துத் தெற்கே பார்த்து வையுங்கள். பாதயாத்திரைக்காரர்கள் நடக்கும்போது பேனலை மடித்துப் பையில் போட்டுவிட்டு, பகல் பொழுதில் மண்டபத்தில் படுப்பீர்களே, அப்போது வெளியே விரித்தால் பலன் உண்டு. காவலுக்கு ஒரு ஆள் விழித்திருக்க வேண்டும், அது வேறு கதை.

வியாபாரம் கெட்டாலும் பரவாயில்லை, ஒன்று சொல்கிறேன். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க, கீழக்குயில்குடி மலைக்கு, குட்லாடம்பட்டி அருவிக்கு என்று ஒரு நாள் போய் வருகிறவர்களுக்குச் சோலாரே வேண்டாம். நல்ல பவர் பேங்க் ஒன்றை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். மூன்று நாளுக்கு மேல் கரண்டைப் பார்க்காதவர்களுக்குத்தான் பேனல்.

கிடைக்காரர் இப்போது நன்றாகவே செய்கிறார். ஆட்டுக்குட்டிகளை அடைக்கிற குடாப்பின் மேலே பேனலைக் கட்டியிருக்கிறார், கேபிளை உள்ளே இறக்கி, குடாப்பின் நிழலில் பவர் பேங்கை வைத்திருக்கிறார். சூடே ஏறுவதில்லை, எனக்கே தோன்றாத யோசனை. போன வாரம் போன் பண்ணினார், குரலில் கோபம். "தம்பி, நீ குடுத்த கேபிளக் குட்டி மென்னு துப்பிருச்சு, கொஞ்சம் தடியா இருந்தா எடுத்து வையி" என்றார். இது மூன்றாவது கேபிள்.